பழைய லேப்டாப், லுபுண்டு, ஜாவா: பால் கணக்கிலிருந்து தொடங்கலாமா?

கன்னிமாரி
ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை கேரள அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தேன். அங்கே லேபில் இருந்ததெல்லாம் லினக்ஸ்தான், அதனால் அதில் எனக்குப் பயம் இல்லை. இப்போது கோயம்புத்தூரில் பிசிஏ படிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் ஜாவா வருகிறது, அதற்குள் கொஞ்சமாவது பழகிவிட வேண்டும் என்று ஆசை.

மாமா கொடுத்த பழைய லேப்டாப் இருக்கிறது. 4 ஜிபி ராம், லுபுண்டு 24.04 (இலேசான லினக்ஸ் வகை). முதலில் எழுத விரும்புவது அப்பாவின் பால் கணக்கு. இரண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். கொழுப்பும் எஸ்என்எஃபும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து விலை போட்டு சிலிப் தருவார்கள். அப்பா அந்தச் சிலிப்புகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் விரல் விட்டுக் கூட்டுவார். அதை நான் கம்ப்யூட்டரில் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் தொடங்குவதற்குள்ளேயே மாட்டிக்கொண்டேன். ஒரு வீடியோவைப் பார்த்து ஜேடிகேயை (ஜாவா நிரல் எழுதத் தேவையான கருவித் தொகுப்பு) ஜிப் மாதிரி ஒரு கோப்பாக இறக்கினேன். விரித்து, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் பாத் என்று ஒரு வரி எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இப்போது டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் தட்டினால்கூட கட்டளை இல்லை என்கிறது. நேனோ எடிட்டர் இல்லை, நிர்வாகியாகக் கட்டளை தர உதவும் சுடோவும் இல்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடி லினக்ஸ் போட வேண்டுமா?

போனில் தட்டுவதால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.


வேலந்தாவளம் சந்தை
ஞாயிறு, இரவு 9.48

அம்மிணி, எதையும் அழிக்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்றும் கெடவில்லை.

பாத் என்பது ஃபோல்டர்களின் வரிசை. நீங்கள் எல்எஸ் என்று தட்டியதும், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டராகப் போய், அந்தப் பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று பார்க்கும். நீங்கள் எழுதிய வரியில் ஜாவாவின் ஃபோல்டர் மட்டும் இருக்கிறது, பழைய வரிசை போய்விட்டது. எல்எஸ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தேடிப் போகும் வழி மட்டும்தான் ஷெல்லுக்குத் தெரியவில்லை.

டெர்மினலை மூடித் திறந்தால் சரியாகாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே கோப்பைத்தான் படிக்கும். அதனால் முழு முகவரியைக் கொடுங்கள்: சாய்கோடு, யூஎஸ்ஆர், சாய்கோடு, பின், சாய்கோடு, நேனோ. இடைவெளி விட்டு பேஷ்ஆர்சி கோப்பின் பெயர். முழு முகவரி கொடுத்தால் பாத் தேவையே இல்லை. அது பயமாக இருந்தால் ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகள் தெரியும், அங்கிருந்தே எடிட்டரில் திறக்கலாம்.

உள்ளே போனதும் அந்த வரியைத் திருத்த வேண்டாம், எடுத்தே விடுங்கள். (திருத்துவதாக இருந்தால் டாலர் பாத் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அதற்குப் பின்னால் புது ஃபோல்டரைச் சேர்த்திருக்க வேண்டும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், என்றாவது உதவும்.) சேமித்துவிட்டுப் புது டெர்மினல் திறந்தால் எல்லாம் திரும்ப வந்திருக்கும்.

அப்புறம் ஜாவாவை லினக்ஸின் சொந்தக் கிடங்கிலிருந்தே போடுங்கள். சுடோ ஏபிடி அப்டேட். முடிந்ததும், சுடோ ஏபிடி இன்ஸ்டால் டிஃபால்ட் ஜேடிகே. டிஃபால்டுக்கும் ஜேடிகேக்கும் நடுவில் இடைவெளி இல்லை, சிறு கோடு. 24.04-இல் இது ஜாவா 21-ஐக் கொண்டுவரும். பாத் எதையும் தொட வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் சிஸ்டம் அப்டேட்டோடு தானாகவே வரும்.

ஒரு எச்சரிக்கை. ஜேஆர்இ என்று முடியும் இன்னொரு பொட்டலமும் இருக்கும். அது ஜாவா நிரலை ஓட்ட மட்டும்தான். எழுதுவதைக் கம்பைல் செய்ய, அதாவது ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற, ஜாவாசி வேண்டும், அது ஜேடிகேயில்தான் வரும். ஜாவா ஓடுகிறது, ஜாவாசி இல்லை என்று இங்கே கேட்பவர்களில் பாதிப்பேர் இதில்தான் தவறியிருப்பார்கள்.


கன்னிமாரி
ஞாயிறு, இரவு 10.35

அண்ணா, வந்துவிட்டது! எல்எஸ் வேலை செய்கிறது. ஜாவாவும் போட்டாயிற்று, இரண்டிலும் சிறு கோடு போட்டு வெர்ஷன் கேட்டால் 21 என்கிறது. மிக்க நன்றி.

இது ஓப்பன்ஜேடிகே என்று வருகிறதே? கல்லூரியில் ஆரக்கிள் ஜாவா என்றார்கள். வேறு வேறா?


வேலந்தாவளம் சந்தை
ஞாயிறு, இரவு 10.52

நீங்கள் படிக்கப்போகும் மொழி ஒன்றுதான். 1995-இல் ஜாவாவை வெளியிட்டது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2006 நவம்பரில் அதைத் திறந்த மூலமாக, ஜிபிஎல் உரிமத்தில் தருவதாக அறிவித்தார்கள். ஓப்பன்ஜேடிகே அதிலிருந்து வளர்ந்தது. 2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. இன்று ஆரக்கிள் தரும் ஜேடிகேயும் ஓப்பன்ஜேடிகே மூலத்திலிருந்தே கட்டப்படுகிறது. பாடத்துக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

8, 11, 17, 21, 25 இவையெல்லாம் நீண்ட காலம் பராமரிக்கப்படும் பதிப்புகள். லேபில் 8 இருந்தாலும் கவலைப்படாதீர்கள், முதல் செமஸ்டருக்குத் தேவையானது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

இனி எடிட்டர். கம்ப்யூட்டரில் உள்ள சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும், இல்லாவிட்டால் ஜீனி போடுங்கள், மிக இலேசானது. பெரிய ஐடிஇ (எழுதுவது, கம்பைல் செய்வது, ஓட்டுவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மென்பொருள்) எதையும் இப்போது போடாதீர்கள். நாலு ஜிபியில் அது திறப்பதற்குள் ஒரு மாட்டைக் கறந்துவிடலாம்.


நகரித்தறி
திங்கள், காலை 7.20

சந்தை அண்ணன் சொல்வதில் கடைசி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் ஆந்திரா நகரி. வீட்டில் விசைத்தறி. பள்ளி முழுக்கத் தெலுங்கு மீடியம், தமிழ் வீட்டில் அம்மாவிடம் படித்தது. ஜாவாவை டெர்மினலில்தான் நானும் தொடங்கினேன், ஆறு மாதம் அப்படியே இருந்தேன். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும். பின்னால் சென்னையில் வேலைக்குப் போய் இன்டெல்லிஜே என்ற ஐடிஇயைப் பார்த்தபோது, தட்டும்போதே சிவப்புக் கோடு போட்டுத் தவறைக் காட்டியது. பெயரில் பாதி தட்டினால் மீதியை அதுவே நிரப்பியது. ஜாவாவில் பெயர்கள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். இதெல்லாம் முன்னாலேயே கிடைத்திருந்தால் அந்த ஆறு மாதத்தில் இன்னும் எவ்வளவோ கற்றிருப்பேன் என்று இன்றும் தோன்றுகிறது. தறியில் உட்காருகிற பிள்ளைக்கு நூல் அறுந்தால் உடனே சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

ராம் குறைவு என்பது வேறு விஷயம், அதை ஒத்துக்கொள்கிறேன். எட்டு ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்கிவிட்டு ஐடிஇ போடுங்கள் தங்கச்சி.


வேலந்தாவளம் சந்தை
திங்கள், காலை 8.05

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போனால் ஐடிஇ இல்லாமல் முடியாது. ஆனால் ஐடிஇயில் நிரலை ஓட்டும் பச்சை முக்கோணத்தை அழுத்திப் பழகிய பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். கம்பைல் எது, ஓட்டுவது எது, கிளாஸ் கோப்பு எங்கே உட்காருகிறது, ஒன்றும் தெரியாது. ஐடிஇ நின்றுவிட்டால் கையும் ஓடாது. முதல் ஒரு மாதம் மட்டும் கையால் செய்யட்டும் என்கிறேன். அரைப்புள்ளியைத் தேடிய அந்த அரை மணி நேரம் வீண் என்று நான் நினைக்கவில்லை.


கன்னிமாரி
திங்கள், இரவு 8.40

ஒரு மாதம் கையால் செய்கிறேன், அப்புறம் பார்க்கலாம் அண்ணா. ராம் வாங்க இப்போது காசும் இல்லை.

வணக்கம் என்று அச்சிடும் நிரல் எழுதினேன். உள்ளே கிளாஸின் (நிரலை அடக்கிய பகுதியின்) பெயர் பால், முதல் எழுத்து பெரியது. கோப்பின் பெயரை முழுக்கச் சிறிய எழுத்தில் கொடுத்துவிட்டேன், கம்பைல் ஆகவில்லை. வந்த எரரைப் படித்துப் பார்த்துப் பெயரை மாற்றினேன், ஆகிவிட்டது. ஃபோல்டரில் கிளாஸ் என்று முடியும் கோப்பு வந்திருக்கிறது. அதை ஓட்ட ஜாவா என்று தட்டி அந்தக் கோப்பின் முழுப் பெயரையும் கொடுத்தால், மெயின் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறதே?

இன்னொன்று. பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்டு, மெயின் என்று ஏன் இத்தனை சொற்கள்? மனப்பாடம் செய்துவிடவா?


வேலந்தாவளம் சந்தை
திங்கள், இரவு 9.15

எரரைப் படித்து நீங்களாகவே ஒன்றைத் திருத்தியிருக்கிறீர்கள், அதுதான் பெரிய விஷயம்.

ஜாவாசிக்குக் கோப்பின் பெயர் வேண்டும், புள்ளி ஜாவா வரைக்கும். ஜாவாவுக்குக் கிளாஸின் பெயர் மட்டும் வேண்டும். நீங்கள் பால் புள்ளி கிளாஸ் என்று கொடுத்ததும், அது பால் என்ற பொட்டலத்துக்குள் (ஜாவாவில் கிளாஸ்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) கிளாஸ் என்ற பெயரில் ஒரு கிளாஸைத் தேடுகிறது. ஜாவாவில் புள்ளிக்கு அப்படித்தான் பொருள். வெறும் பால் என்று தட்டுங்கள், ஓடும்.

பெரிய எழுத்து சிறிய எழுத்து லினக்ஸில் கண்டிப்பாகப் பார்க்கப்படும். விண்டோஸில் கோப்புப் பெயரில் அந்த வித்தியாசம் இல்லாததால், அங்கே எழுதியதை இங்கே கொண்டுவரும்போது பலருக்கு இந்த இடத்தில் உடையும். ஜாவா கிளாஸ்களைத் தேடும் வரிசையான கிளாஸ்பாத்தில் ஃபோல்டர்களைப் பிரிக்க அங்கே அரைப்புள்ளி, இங்கே முக்காற்புள்ளி. இதையும் குறித்து வையுங்கள்.

ஜாவா 11-லிருந்து ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஜாவா என்று தட்டி நேராக மூலக்கோப்பின் பெயரையே, புள்ளி ஜாவாவோடு, கொடுத்தால் கம்பைல் செய்து உடனே ஓட்டிவிடும். பத்து முறையாவது இரண்டு படியாகச் செய்துவிட்டு இதற்கு வாருங்கள்.


நகரித்தறி
திங்கள், இரவு 9.40

மெயின் பற்றி: பப்ளிக் என்றால் வெளியிலிருந்து அழைக்கலாம். ஸ்டாட்டிக் என்றால் அந்தக் கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்காமலேயே அழைக்கலாம். வாய்டு என்றால் எதையும் திருப்பித் தராது. நிரல் தொடங்கும்போது இன்னும் எந்தப் பொருளும் உருவாகியிருக்காதல்லவா, அதனால்தான் ஸ்டாட்டிக். இப்போதைக்கு இவ்வளவு போதும். 2025-இல் வந்த ஜாவா 25-இல் இதையெல்லாம் எழுதாமல் சின்ன மெயினோடு தொடங்கலாம். ஆனால் உங்கள் லேபிலும் தேர்விலும் பழைய வடிவம்தான் கேட்பார்கள்.


குமுளிக்காரன்
செவ்வாய், மதியம் 1.30

நான் ஏலத்தோட்டத்துக்காரன். ஜாவா பிழைப்புக்காகப் படித்ததில்லை, ஆர்வத்தில் படித்தது. தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன்: ஜேஷெல். ஜேடிகே போட்டிருந்தால் அதுவும் கூடவே இருக்கும், 2017-இல் வந்த ஜாவா 9-லிருந்து உண்டு. டெர்மினலில் ஜேஷெல் என்று தட்டினால் போதும், கிளாஸ், மெயின் எதுவும் வேண்டாம். ஒரு வரி எழுதினால் உடனே விடை வரும்.

அங்கே 25-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 6 என்று வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா மீதியைத் தூக்கிப் போட்டுவிடும். 25 கிலோ காயை நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு ஆறு, ஒரு கிலோவைக் காணோம். ஏலக்காய் விற்கிற விலைக்கு ஒரு கிலோவை விட முடியுமா? வகுத்தல் குறிக்குப் பதிலாகச் சதவீதக் குறி போட்டால் அந்த மீதி 1 கிடைக்கும். 25-ஐ 25.0 என்று எழுதினால் 6.25 வரும்.

அடுத்து 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பால் கணக்கு எழுதுங்கள்.


கன்னிமாரி
செவ்வாய், இரவு 10.05

பார்த்தேன் அண்ணா. 0.30000000000000004 என்று வருகிறது! எங்கிருந்து வந்தது அந்த 4?

என் பால் நிரலிலும் இதே தொந்தரவுதான். லிட்டரையும் விலையையும் டபுள் (தசம எண் வகை) என்று வைத்துப் பெருக்கினேன். சில சிலிப்புகளுக்குப் பைசாவைத் தாண்டியும் வால் மாதிரி இலக்கங்கள் வருகின்றன. அப்பா பார்த்துவிட்டு, சொசைட்டியில் இப்படி எழுதித் தருவதில்லையே என்றார்.


வேலந்தாவளம் சந்தை
புதன், காலை 6.30

மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதினால் முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? கம்ப்யூட்டர் இரண்டின் அடுக்குகளில் எழுதுகிறது, அதில் பத்தில் ஒன்று அப்படி முடியாத எண். எங்கோ ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டிய இடத்தின் பிசிறுதான் அந்த 4. ஜாவா மட்டும் இல்லை, இந்த முறையில் தசமத்தை வைக்கும் எல்லா மொழியிலும் வரும்.

பணக் கணக்குக்கு டபுள் வேண்டவே வேண்டாம். பிக்டெசிமல் என்று ஒன்று இருக்கிறது, பின்னால் படிக்கலாம். இப்போதைக்கு நம் தாத்தாக்கள் அணா பைசாவில் போட்ட மாதிரி, மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள். விலை பைசாவில், பால் மில்லிலிட்டரில்.

7.45 லிட்டர், லிட்டர் 46 ரூபாய் 35 பைசா என்று வைத்துக்கொள்வோம். 7450-ஐ 4635-ஆல் பெருக்கினால் 3,45,30,750. ஆயிரத்தால் வகுத்தால் பைசா. மீதியை ஜாவா தூக்கிப் போடும் என்று குமுளி அண்ணன் சொன்னாரே, அதனால் வகுப்பதற்கு முன் 500-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், அரைப் பைசாவும் அதற்கு மேலும் அடுத்த பைசாவாகிவிடும். 34531 பைசா. நூறால் வகுத்தால் 345 ரூபாய், சதவீதக் குறிக்கு 31 பைசா.

ஆசையாக இருந்தால் மாறிகளுக்கு விலை, அளவு என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும். டெர்மினலில் தமிழ் எழுத்து கொஞ்சம் பிரிந்து தெரியலாம், நிரலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.


கன்னிமாரி
வெள்ளி, இரவு 11.20

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். முழு எண்ணில் மாற்றியதும் சிலிப் கணக்கு அழகாக வந்தது. மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்தான் வைத்தேன், விலை என்று என் நிரலில் பார்க்கும்போது என்னமோ சந்தோஷமாக இருக்கிறது.

மாதக் கணக்குக்கு, பெருக்கி வந்ததை ஒவ்வொரு வேளையும் மொத்தத்தில் கூட்டி, கடைசியில் ஆயிரத்தால் வகுக்கும்படி எழுதினேன். சோதனைக்கு வேளைக்கு ஏழரை லிட்டர், ஒரே விலை 4635, முப்பது நாள், 60 வேளை. சரியாக வந்தது. இப்போது ஒரு மாடு கன்று போட்டிருக்கிறது, பால் கூடும். அதனால் எட்டு லிட்டர், 31 நாள், 62 வேளை என்று மாற்றினேன்.

மைனஸ் 19,960 ரூபாய் என்று வருகிறது. பைசாவும் மைனஸ் 7. பால் கூடினால் நாம் சொசைட்டிக்குப் பணம் கட்ட வேண்டுமா? எரர் எதுவும் இல்லை. ஒரு வரிகூட மாற்றவில்லை, எண்களை மட்டும்தான் மாற்றினேன். மூன்று மணி நேரமாகப் பார்க்கிறேன்.


நகரித்தறி
சனி, காலை 6.50

தங்கச்சி, அருமையான இடத்தில் வந்து முட்டியிருக்கிறீர்கள். மொத்தத்தை இன்ட் (முழு எண் வகை) என்று வைத்திருப்பீர்கள். இன்ட்டுக்கு 32 பிட்தான். அது தாங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் ஜாவா எரர் சொல்லாது, வண்டி மீட்டர் சுற்றுவது மாதிரி மறுமுனைக்கு, மைனஸ் பக்கத்துக்குப் போய்விடும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஏழரை லிட்டரில் 60 வேளைக்கு 208,57,50,000. எல்லைக்குள் மயிரிழையில் நின்றது. எட்டு லிட்டரில் ஒரு வேளைக்கு 3,70,80,000, 62 வேளைக்கு 229,89,60,000. தாண்டிவிட்டது. இதிலிருந்து இரண்டின் 32-ஆம் அடுக்கைக் கழித்தால் மைனஸ் 199,60,07,296. ஆயிரத்தாலும் நூறாலும் வகுத்தால் உங்களுக்கு வந்த அதே மைனஸ் 19,960 ரூபாய் 7 பைசா. உண்மையில் வர வேண்டியது 22,989 ரூபாய் 60 பைசா.

மொத்தத்தை லாங் என்று மாற்றுங்கள், 64 பிட். இந்த ஊர்ப் பால் முழுக்க ஊற்றினாலும் நிரம்பாது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தவறுக்கு எந்த ஐடிஇயும் சிவப்புக் கோடு போட்டிருக்காது. நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும் இதையும் சொல்வதுதான் நேர்மை.


வேலந்தாவளம் சந்தை
சனி, காலை 7.30

லாங் போடுங்கள், சரிதான். ஆனால் இன்னொரு இடமும் இருக்கிறது அம்மிணி. சொசைட்டியில் ஒவ்வொரு சிலிப்பிலும் பைசாவை அங்கேயே முழுதாக்கி எழுதிவிடுவார்கள். மாதத் தொகை அந்தச் சிலிப்புகளின் கூட்டுத்தொகை. நீங்கள் பெருக்கியதை அப்படியே கூட்டிக் கடைசியில் ஒரே முறை முழுதாக்கினால், நாலு பைசா பத்துப் பைசா வித்தியாசம் வரும். அப்பாவுக்கு அந்த வித்தியாசம்தான் முதலில் கண்ணில் படும். சிலிப்புக்குச் சிலிப்பு பைசாவாக்கி, அந்தப் பைசாவைக் கூட்டுங்கள்.


கன்னிமாரி
ஞாயிறு, இரவு 9.25

அப்படியே மாற்றினேன். இன்று மதியம் சாப்பிட்டதும் அப்பா டப்பாவைத் திறந்து போன மாதச் சிலிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் தட்டினேன். விலை சிலிப்புக்குச் சிலிப்பு மாறுகிறது, அதனால் இரண்டு எண்கள் தட்ட வேண்டும். முடிந்ததும் அப்பா பாஸ்புக்கை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பைசா வரைக்கும் ஒன்றாக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சிலிப்புகளை ரப்பர் பேண்ட் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். 5 பைசா வரும் இடத்தில் 05 என்று வராமல் வெறும் 5 என்று வருகிறது, அப்பா அதை ஐம்பது என்று படித்துவிட்டார். அப்புறம், தட்டுவதை வாங்கும் ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட் வைத்து எண்ணை வாங்கிய பிறகு நெக்ஸ்ட்லைன் வைத்துத் தேதியைக் கேட்டால், கேட்காமலேயே தாண்டிப் போய்விடுகிறது.


குமுளிக்காரன்
ஞாயிறு, இரவு 10.00

முதலாவதுக்கு பிரிண்ட்எஃப். சதவீதக் குறி, பூஜ்யம், 2, சிறிய டி, நாலையும் சேர்த்து எழுதினால் எப்போதும் இரண்டு இலக்கமாக வரும்.

இரண்டாவது: நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் அழுத்திய என்டரை அங்கேயே விட்டுவிடுகிறது. அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன் அந்த என்டரைப் பார்த்து, வெற்று வரி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு நெக்ஸ்ட்லைனைச் சும்மா போட்டு அதை விழுங்க விடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நெக்ஸ்ட்லைனிலேயே வாங்கி, எண்ணை இன்டிஜர் பார்ஸ்இன்ட் வைத்து மாற்றுங்கள். நான் இரண்டாவது வழிதான் வைத்திருக்கிறேன். சிலிப்புகளைக் கோப்பில் எழுதிவைத்துப் படிக்கும்போதும் வரி வரியாகப் படிக்கும் அதே பழக்கம் உதவும்.


கன்னிமாரி
ஞாயிறு, இரவு 10.12

கோப்பா? சிலிப்பை ஒருமுறை தட்டினால் போதுமா? நாளைக் காலைக் கறவை முடிந்ததும் அதை ஆரம்பிக்கிறேன்.